தவிர்க்கலாம்

கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம். போதும். இப்போது அந்த அம்மா திரும்பினால் உங்கள் தோள்தான் தெரியும். முன்பின் தெரியாதவரிடம் இப்படிக் கேட்கக் கூடாது, மன்னியுங்கள். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட், ஜன்னலோரம், சாம்பல் நிறச் சேலை. பார்க்காதீர்கள். உற்றுப் பார்த்தால் சிலருக்கு முதுகில் உறைக்கும்.

பெயர் ஜெசிந்தா. எங்கள் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு. பத்தொன்பது வருடமாக இருக்கிறார். நான் அங்கே மக்கள் தொடர்பு அலுவலர், பதினாறு வருடம். எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. இரண்டு பேரும் ஒரே இடத்துக்குத்தான் போகிறோம். சேலம் ஆட்சியர் அலுவலகம், பத்தரை மணிக்கு விசாரணை. இதே பஸ்ஸில் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முன்வாசலில் கால் வைக்கப் போனேன், சேலைத் தலைப்பு தெரிந்தது. அப்படியே பின்வாசலுக்கு வந்துவிட்டேன்.

செண்பகம் பால். ஆத்தூர் என்றால் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆமாம், அதே நீலப் பாக்கெட்தான். போன மாதம் பேப்பரில் வந்ததே. பாருங்கள், நீங்களும் அப்படிப் பார்க்கிறீர்கள். எல்லோரும் இப்படித்தான் பார்க்கிறார்கள். கம்பெனி பெயரைச் சொன்னால் ஒரு பார்வை. ஆனால் பேப்பரில் வந்தது பாதிதான்.

நான் பேசுவதே அறிக்கை வாசிப்பது மாதிரி இருக்கிறது என்று என் மனைவி சொல்வாள். இருக்கட்டும். ஒன்பது வருடம் நாளிதழில் பிழை திருத்தியிருக்கிறேன். அதற்குப் பிறகுதான் பாலுக்கு வந்தேன். வந்தபோது இந்தக் கம்பெனிக்கு மொழி என்று ஒன்று இருக்கவில்லை. வாடிக்கையாளர் போன் செய்து பால் புளிக்கிறது என்றால், இங்கே எடுக்கிறவர் "நீங்க சட்டிய சரியாக் கழுவலை" என்பார். நான்தான் மாற்றினேன். சொற்பட்டியல் ஒன்று தயாரித்தேன். போன் எடுக்கும் மேஜைக்கு நேர் எதிரே சுவரில் ஒட்டினோம். இடது பக்கம் சொல்லக் கூடாத சொல், வலது பக்கம் சொல்ல வேண்டிய சொல். புகார் என்று சொல்லக் கூடாது, கருத்து. கெட்டுப்போனது என்று சொல்லக் கூடாது, மாறுபட்டது. இல்லை என்ற சொல்லே கூடாது. இப்படி நாற்பத்திரண்டு. முதலாளி சட்டம் போட்டு மாட்டினார். "புலவரே, இதுக்கு மேல எவனாவது நம்மகிட்ட சண்டைக்கு வர முடியுமா?" என்றார். என்னை அவர் புலவரே என்றுதான் கூப்பிடுவார். கேலிதான். ஆனால் வெறும் கேலி இல்லை.

ஒரு சுற்றறிக்கையும் போட்டேன். வெளியாரோடு, பத்திரிகையோடு, வாடிக்கையாளரோடு பேசும் அதிகாரம் மக்கள் தொடர்புத் துறைக்கு மட்டுமே. துறை என்றால் நான். டிரைவர் வரைக்கும் கையெழுத்து வாங்கினோம். ஜெசிந்தாவும் போட்டார்.

திரும்பினாரா? இல்லையே. சரி.

அன்றைக்கு வியாழக்கிழமை. காலை ஏழு மணி ஐந்து நிமிடம். நேரத்தை ஏன் இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறேன் என்றால், இன்றைக்கு விசாரணையே அந்த நேரத்தைப் பற்றித்தான். நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். ஜெசிந்தாவிடமிருந்து போன்.

"சார், நீலப் பாக்கெட்டை நிறுத்தணும். காலையில மொதல்ல போன வண்டி. சோடா கலந்திருக்கு. குழாய் கழுவின தண்ணி முழுசா வடியாமலே பாலை விட்டிருக்காங்க."

"போனில் சோடா என்று சொல்லாதீர்கள்" என்றேன்.

"வேற என்னன்னு சொல்றது சார்? அதுக்குப் பேரே அதான். காஸ்டிக் சோடா."

பாத்திரம் விளக்குகிற சோடா இல்லை, அதைவிடப் பத்து மடங்கு. தோலில் பட்டால் வெந்துவிடும். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எது தெரியும் என்பது வேறு, எதைச் சொல்வது என்பது வேறு. அதற்குத்தானே என்னை வைத்திருக்கிறார்கள்.

போனை வைத்த கையோடு ஒரு தாளில் எழுதி, போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நாலே வாக்கியம். எனக்கு மனப்பாடம்.

இன்று காலை வந்த நீலப் பாக்கெட் பாலை யாரும் குடிக்காதீர்கள். குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். காய்ச்சினாலும் சரியாகாது. கீழே கொட்டிவிடுங்கள்.

இதை எல்லோருக்கும் குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்கிறார். கேபிள் டிவியில் கீழே ஓட விடச் சொல்கிறார். பதினெட்டாயிரம் வாடிக்கையாளர். நீங்களே சொல்லுங்கள், ஒரு நிறுவனம் பேசுகிற பேச்சா இது? பக்கத்து வீட்டுக்காரி மதில் மேல் எட்டிப் பார்த்துச் சொல்கிற மாதிரி இருக்கிறது. "காய்ச்சினாலும் சரியாகாது" என்று எழுதினால் அடுத்த நாள் எவன் நம் பாலைக் காய்ச்சுவான்?

ஆபீசுக்கு ஓடினேன். சவரம் பாதியில் நிற்கிறது, அப்படியே ஓடினேன். பொறுப்பில்லாதவன் என்று சொல்லிவிட முடியாது பாருங்கள். ஏழரைக்கு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். ஏழு ஐம்பதுக்கு ஜெசிந்தா வந்து கதவருகில் நின்றார். கையில் ரப்பர் உறை, கழற்றவில்லை.

"இன்னும் அனுப்பலையா சார்?"

"கொட்டிவிடுங்கள் என்று எழுத முடியாது அம்மா. அறிக்கைக்குரிய சொல் இல்லை அது."

"அப்ப ஊத்திடுங்கன்னு எழுதுங்க."

நகைச்சுவை உணர்வு கிடையாது அந்த அம்மாவுக்கு. முகத்தைப் பார்த்தால் உண்மையாகவே மாற்றுச்சொல் தருவதாக நினைத்துக்கொண்டு நிற்கிறார். "நீங்கள் ஆய்வகத்தைப் பாருங்கள், மொழியை நான் பார்க்கிறேன்" என்றேன். போகவில்லை. "சார், நானே ஏஜெண்டுங்களுக்கு ஒவ்வொருத்தரா போன் போட்டுடட்டுமா?" என்றார். சுற்றறிக்கையை நினைவுபடுத்தினேன். எண், தேதியோடு. போய்விட்டார்.

ஏழு வரைவு எழுதினேன். ஏழாவதை முதலாளிக்கு அனுப்பினேன். அவர் பூஜையில் இருந்தார். எட்டு முப்பத்தைந்துக்குக் கூப்பிட்டார். "பால் மாதிரி இருக்கு புலவரே" என்றார். எட்டு நாற்பதுக்குப் பதினெட்டாயிரம் பேருக்கும் போயிற்று. ஒன்றரை மணி நேரத் தாமதம் என்கிறார்கள். ஒன்றரை மணி நேரத்தில் அப்படி ஒன்றை வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

கேளுங்கள். "தவிர்க்கவியலாத தொழில்நுட்பக் காரணங்களால் இன்று விநியோகிக்கப்பட்ட நீல உறைப் பாலின் சுவையில் சிறு மாறுபாடு உணரப்படலாம். வாடிக்கையாளர்கள் அதனைப் பயன்படுத்துவதைத் தவிர்க்கலாம். ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்."

ஆறாவது வரைவில் "தவிர்க்கவும்" என்றுதான் இருந்தது. அதில் ஒரு அதட்டல் இருந்தது. பாலை வாங்குகிறவர் நமக்கு வேலைக்காரரா, அதட்டுவதற்கு? "தவிர்க்கலாம்" என்று மாற்றினேன். ஒரே ஒரு லாம். வாக்கியம் அப்படியே இறங்கி உட்கார்ந்துவிட்டது. லாம் என்றால் விருப்பம் இருந்தால் செய், இல்லாவிட்டால் விடு என்று அர்த்தமாம். போன விசாரணையில் கேட்டார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் "சாப்பிடலாம், வாருங்கள்" என்கிறோம். சாப்பிடாமல் போகலாம் என்றா அர்த்தம்? லாம் என்பது மரியாதை உடுத்திய கட்டளை. இதைக்கூட ஒரு ஆட்சியர் அலுவலகத்தில் நான் விளக்க வேண்டியிருக்கிறது.

அந்த விடுதி வார்டனுக்கு விளங்கவில்லை. பிரச்சினை முழுவதும் அதுதான்.

பெண் பிள்ளைகள் விடுதி, அறுபது பேர். முதல் வண்டிப் பால் அவர்களுக்குப் போகும். குறுஞ்செய்தியைப் பார்த்துவிட்டு வார்டன் அம்மா நம் எண்ணுக்கே கூப்பிட்டிருக்கிறார். எட்டு ஐம்பத்திரண்டு. போனை எடுத்தது மஞ்சரி என்கிற பெண். பேசியது பதிவாகியிருக்கிறது. விசாரணையில் மூன்று முறை போட்டார்கள், எனக்கு அதுவும் மனப்பாடம் ஆகிவிட்டது.

"ஏம்மா, இந்தப் பாலைக் குடிக்கலாமா, கூடாதா?"

"பயன்படுத்துவதைத் தவிர்க்கலாம் மேடம்."

"தவிர்க்கலாம்னா? கட்டாயமா தவிர்க்கணுமா?"

"பயன்படுத்துவதைத் தவிர்க்கலாம் மேடம்."

"பிள்ளைங்க ஸ்கூலுக்குக் கெளம்பி டம்ளரோட நிக்குதுங்க கண்ணு. கெட்டுப்போச்சா? அத மட்டும் சொல்லிடு."

"சுவையில் சிறு மாறுபாடு உணரப்படலாம் மேடம்."

"ருசிதானா?"

அப்புறம் அந்த அம்மா போனை வைக்காமலே சமையல்காரரிடம் சொல்வது கேட்கிறது. "ருசிதானாம். சக்கரையும் சத்துமாவும் கூடப் போட்டுக் கலக்கு."

மஞ்சரி ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. கெட்டுப்போச்சா என்று நேராகக் கேட்கிறார்கள், பட்டியலில் இருக்கிற சொல், அவள் தொடவே இல்லை. பயிற்சி என்றால் அப்படி இருக்க வேண்டும். அன்று மத்தியானமே வேலையை விட்டுப் போய்விட்டாள். நான் போன் செய்து பாராட்டினேன், நீ எந்தத் தவறும் செய்யவில்லை அம்மா, மிகச் சரியாகப் பேசினாய் என்று. அழுதுகொண்டே வைத்துவிட்டாள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

பதினோரு பிள்ளைகள். வாய், நாக்கு, தொண்டை. ஒன்பது பேர் ஒரு வாரத்தில் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒரு பிள்ளை பத்து நாள். இன்னொரு பிள்ளை இன்னும் சேலத்தில்தான் இருக்கிறது. உணவுக்குழாய் வெந்துவிட்டது, வயிற்றில் துளை போட்டுக் குழாய் வழியாகக் கொடுக்கிறார்கள். ஏழாம் வகுப்பு. பேப்பரில் சருலதா என்று போட்டிருந்தார்கள். சாருலதாவாகத்தான் இருக்கும், துணைக்கால் விட்டுப்போயிருக்கிறது. போன் செய்து சொன்னேன். அடுத்த நாளும் திருத்தவில்லை. இந்தக் காலத்தில் பிழை திருத்துகிறவர்களே கிடையாது.

பத்திரிகைக்காரர்களைக் கேட்கவே வேண்டாம். கதிரேசன் என்று ஒருவன், என்னோடு ஒரே மேஜையில் டீ குடித்தவன். கூப்பிட்டு, "அண்ணே, பால்ல என்ன கலந்துச்சு?" என்கிறான்.

"கலப்பு என்ற சொல்லையே நான் மறுக்கிறேன்" என்றேன்.

"சொல்ல மறுங்க, பொருளச் சொல்லுங்க."

"அறிக்கையைப் படியுங்கள்."

"படிச்சேண்ணே. பால் குடிக்காமலே எனக்கு வயித்தக் கலக்குது."

எப்படிப் பேசுகிறார்கள் பாருங்கள்.

என்ன ஊர் இது? பெத்தநாயக்கன்பாளையம் தாண்டிவிட்டோமா? அந்த அம்மா ஏதாவது செய்கிறாரா? ஜன்னலில் தலை வைத்திருக்கிறார். தூங்குகிறாரோ என்னவோ. தூங்கினால் நல்லது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஃபைலில் ஒரு வாக்குமூலம் இருக்கிறது. கம்பெனி வக்கீல் தயாரித்தது. நான் கொடுப்பதாக. மூன்று பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் என் கையெழுத்து வேண்டும். இன்னும் போடவில்லை. தகவல் ஆய்வகத்திலிருந்து எனக்குப் பதினோரு மணிக்குத்தான் வந்தது என்று இதில் இருக்கிறது. எட்டு நாற்பதுக்குப் போன செய்தி, சுவை சரியில்லை என்று வாடிக்கையாளர் சிலர் சொன்னதைக் கேட்டு நாங்களாகவே முன்னெச்சரிக்கையாக அனுப்பியதாம். சோடா என்பது எனக்குத் தெரியவே தெரியாதாம். இதில் என் கையெழுத்து விழுந்தால் ஜெசிந்தா மேல் வழக்கு. தெரிந்தும் நாலு மணி நேரம் மறைத்தார் என்று ஆகும். வேலை போகும். உள்ளேயும் போக வேண்டியிருக்கலாம்.

அவரிடம் எதிர்த்துக் காட்ட ஒன்றும் இல்லை. எழுதின தாள் ஆய்வக நோட்டுக்குள் இருந்தது, நோட்டு முதலாளி அறைக்குப் போய்விட்டது. போட்டோ அனுப்பின போன் கம்பெனி போன். அன்று சாயங்காலமே திருப்பி வாங்கிவிட்டார்கள். மிச்சம் இருப்பது என்னுடைய இந்தப் போன்தான். இதில் இருக்கிறது. ஏழு பதினொன்று என்று நேரம் போட்டு, அந்த நாலு வாக்கியமும். நான் அழிக்கவில்லை. அழிப்பவன் இல்லை நான். யாரும் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை. அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். கோயிலிலிருந்து நேராக வந்திருப்பார் போல, கையில் ஜெபப் புத்தகம். என் மனைவி காபி கொடுத்தாள். குடித்தார். "நான் எழுதி அனுப்பினதை மட்டும் காட்டிடுங்க சார். என்னைப் பத்தி நல்லது கெட்டது ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றார். நான் பார்க்கிறேன் என்றேன். எழுந்து செருப்பு மாட்டும்போது சொன்னார், "உங்க சுற்றறிக்கைக்குக் கட்டுப்பட்டேன் பாருங்க, அதுதான் சார் நான் பண்ணின தப்பு. நானே போன் போட்டிருக்கணும்." எனக்குக் கோபம் வந்துவிட்டது. விதிக்குக் கட்டுப்படுவது எப்படித் தவறாகும்? அவர் போன பிறகு என் மனைவி என்னிடம் பேசவில்லை. இன்று காலைவரை பேசவில்லை. அவளுக்கும் லாம் விளங்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் பயந்து என்று நீங்கள் நினைக்கக் கூடும். ஐம்பத்தாறு வயது, அந்தப் பயம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அது இல்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன, நீங்கள் சேலத்தில் இறங்கி உங்கள் வழி போகப் போகிறவர். போட்டோவைக் காட்டினால் என்ன நடக்கும்? அந்த நாலு வாக்கியத்தை வாங்கி அங்கே சத்தமாகப் படிப்பார்கள். படித்து முடித்ததும் என்னுடையதைப் படிப்பார்கள். அடுத்தடுத்து. எழுதுகிறவனுக்கு அது என்ன என்று உங்களுக்குத் தெரியுமா?

வாழப்பாடி வந்துவிட்டது. ஐந்து நிமிடம் நிற்பான். கண்டக்டர் இப்போதுதான் பின்னால் வருகிறார், இந்தக் கூட்டத்தில் அவர் என்ன செய்வார். இருங்கள்.

சேலம் ஒன்று.

என்ன?

யார்?

சார், கேட்டீர்கள் அல்லவா? என் காதில் சரியாக விழுந்ததா? "உங்களுக்கு எடுத்தாச்சுங்க. முன்னாடி அந்த அக்கா ஆத்தூர்லயே எடுத்துட்டாங்க. கடைசி சீட்டுல வெள்ளைச் சட்டை, கையில ஃபைல் வச்சிருக்கிற சார்னு சொன்னாங்க. கூட்டத்துல குடுக்க முடியல, இந்தாங்க டிக்கெட்டு. சேலத்துல எறங்கி ஒண்ணாவே போயிடலாம்னு சொல்லச் சொன்னாங்க."

ஆத்தூரிலேயே.

அப்படியென்றால் நான் பின்வாசலில் ஏறியதைப் பார்த்திருக்கிறார். உங்கள் தோளுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருப்பதும் தெரியும். ஒரு மணி நேரமாகத் தெரியும். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

இல்லை, இது மிகை. இப்படிச் செய்திருக்கக் கூடாது. விசாரணைக்குப் போகும் இரண்டு சாட்சிகள் ஒருவருக்கொருவர் டிக்கெட் எடுப்பது முறையே இல்லை. நாளைக்கு யாராவது பார்த்தால் என்ன சொல்வார்கள்? ஒன்றாகப் போய் இறங்க வேண்டுமாம். நான் போட்டோவைக் காட்டுவதாக ஒப்புக்கொண்ட மாதிரி. நான் பார்க்கிறேன் என்றுதானே சொன்னேன். பார்க்கிறேன் என்றால் பார்க்கிறேன், அவ்வளவுதான் அர்த்தம். மனிதர்கள் சொல்லாததை எல்லாம் எடுத்துக்கொள்கிறார்கள்.

பஸ் நிற்கும்போதே ஒரு தடவை படித்துவிடுகிறேன். ஓடும்போது எழுத்து ஆடுகிறது. இந்த ஓரத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறீர்களா? "அ. தணிகாசலம் ஆகிய நான்..." இது சரி. "மேற்படி தகவல் ஆய்வகப் பொறுப்பாளரால் எனக்கு உரிய நேரத்தில் தெரிவிக்க படவில்லை."

பாருங்கள். வக்கீல் என்று பெயர். தெரிவிக்கவுக்கும் படவில்லைக்கும் நடுவில் ஒற்று எங்கே? சேர்த்தும் எழுதவில்லை. இப்படியே ஒரு அரசு அலுவலகத்தில் கொடுத்தால் என் பெயர் என்ன ஆகும்? கீழே இருப்பது என் பெயர், வக்கீல் பெயர் இல்லை.

உங்களிடம் பேனா இருக்கிறதா? என்னிடம் இருப்பது சிவப்பு, இதில் சிவப்பு ஆகாது. நீலமா? நல்லது.

ஒரு ப். மேலே புள்ளி. இரண்டையும் சேர்த்து ஒரு வளைவு. ஆயிற்று. இப்போது வாக்கியம் நிற்கிறது.

ஃபைலை விட்டுவிடாதீர்கள், இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். இப்படிச் சாய்வாக. இது முதல் பக்கம். அடுத்ததைத் திருப்புங்கள். ம். கடைசிப் பக்கம்.

ஜெல் பேனாவா இது? கையெழுத்து காய நேரமாகும், மடித்தால் அந்தப் பக்கம் ஒட்டிக்கொள்ளும். பரவாயில்லை, இந்த டிக்கெட்டை மேலே வைத்து ஒரு அழுத்து. மெல்லிய தாள், மையை எடுத்துக்கொள்ளும்.

இந்தாருங்கள், உங்கள் பேனா.